டேங்குக்குச் சுற்றிய உப்பு

பெருக்கி முடித்ததும் கண்ணம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிறாள், தலைப்பால் காதைத் துடைத்துக்கொள்கிறாள், கேஸ் டேங்கின் வயிற்றில் காதை வைக்கிறாள். ஒன்றும் கேட்காது. கேட்காதென்று தெரிந்தும், வைத்துப் பார்க்காமல் அடுத்த வேலைக்குக் கால் நகராது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடுகிற சின்னக் கம்பெனி அது. சூளைக்கு வாயு கொடுக்கும் டேங்கு, யானை படுத்தாற்போலக் கொல்லைப்புறத்தில் இரும்புக் கால்களின்மேல் கிடக்கிறது. சுவருக்கு அந்தப்பக்கம் அவள் மகள் கயல்விழி பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். மாசமாக இருக்கிறாள்.

தை மாதம் சென்னையிலிருந்து சிவசங்கரி என்கிற இன்ஜினியர் பெண் வந்தாள். டேங்கிலும் கால்களிலும் பொத்தான்போல எதையோ ஒட்டி, ஒயரை இழுத்து ஒரு பெட்டியில் சேர்த்தாள். துரு இரும்பைத் தின்னும்போது சத்தம் வருமாம், மனுசக் காதுக்கு எட்டாத சத்தம். லாரி, மழை, ஜங்ஷனுக்கு வருகிற ரயில், சூளை இரைச்சல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டு, துருவின் சத்தத்தை மட்டும் கோடு கோடாகக் காட்டுமாம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி என்று கண்ணம்மாள் புரிந்துகொண்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் போன் போட வேண்டியது அவள் பொறுப்பு.

துரு தின்று டேங்கு வெடித்துவிடுமோ என்று அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. வீட்டில் பீரோவுக்கும் காது வைக்கிறாள், குழாய்க்கும் வைக்கிறாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாய்கிறாள். வேலையை விட்டுவிடு என்று மகளிடம் கெஞ்சியிருக்கிறாள். பிரசவச் செலவுக்கு நீயா தருவாய் என்று மகள் சிரித்துவிட்டாள்.

சூளைக்காரர் பழமலைநாதனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"இன்னாக்கா, டேங்கு இன்னிக்கி என்னா சொல்லிச்சி? சாப்ட்டுச்சாமா?"

"வாயக் கழுவு தம்பி. அது வெடிச்சா ஒன் மீசையுந்தான் போவும்."

பயத்துக்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம், கல்லுப்பு ஒரு கைப்பிடி எடுத்து டேங்கைச் சுற்றி வருவாள். "கொளஞ்சியப்பா, எம் புள்ளயும் அது வயித்துல இருக்கறதயும் நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி, உப்பைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து எப்போதும் டேங்கின் அதே ஒரு காலின் அடியில் ஊற்றுவாள். உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரையட்டும் என்று. சித்திரையில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. சிவசங்கரிக்குப் போனும் போட்டாள், உப்பையும் கூட்டினாள். எரிய எரிய, ஒரு பிடி இரண்டு பிடியானது.

போன வாரம் சிவசங்கரி மறுபடி வந்தாள். கம்ப்யூட்டரில் மற்ற கோடெல்லாம் அடங்கிக் கிடக்க, ஒரே ஒரு காலின் கோடு மட்டும் ரம்பப் பல்லாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு வெள்ளி சாயங்காலமும் எழும்புகிறது, சனி ஞாயிறில் மெல்ல அடங்குகிறது. அன்றைக்கு இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

கண்ணம்மாள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கித்தான் மேடம் நான் உப்பு சுத்திக் கரைச்சி ஊத்தறேன். இல்லன்னா இன்னேரம் என்னா ஆயிருக்குமோ."

சிவசங்கரி கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து, திருப்புளியால் காலின் அடியைக் கீறினாள். பெயிண்ட் கொப்புளமாக உரிந்தது. உள்ளேயிருந்து செந்தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா, உப்புத்தண்ணிதான் இத தின்னுருக்கு. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. இனிமே வேணாம்."

கண்ணம்மாள் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் கயல்விழி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அன்று அவள் சோற்றுத்தூக்கைத் திறக்கவில்லை. பழமலைநாதனும் கேலி பேசவில்லை.

கால் மாற்ற ஆள் வரும்வரை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம் கை தானாகப் போய் உப்பை எடுத்துவிட்டது. டேங்கைச் சுற்றியும் வந்துவிட்டாள். பிறகுதான் நினைவு வந்தது. கரைத்து ஊற்றவும் பயம், ஊற்றாமல் இருக்கவும் பயம். மூடிய பிடியோடு முட்டுக்கட்டையின் எதிரில் நின்றாள். உள்ளங்கை வேர்த்து, உப்பு கசிந்து விரலிடுக்கில் இறங்கியது. அவள் சட்டென்று இடது கையைக் குழித்து, ஒரு சொட்டுகூடத் தரையில் விழாதபடி அதன் அடியில் ஏந்திக்கொண்டாள்.