நசரத்பேட்டையில் கிடைக்குமா?

பூந்தமல்லியில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை தொல்லியல் சொற்பொழிவு நடக்கும். வருகிற பத்துப் பதினைந்து பேரில் முதல் ஆள் ஒரு பெரியவர். முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், மடியில் ஹெல்மெட். முன்வரிசையில்தான் உட்காருவார். எந்த ஊர் அகழாய்வைப் பற்றிய பேச்சானாலும், கேள்வி நேரத்தில் எழுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"சார், இதெல்லாம் நசரத்பேட்டை பக்கம் கெடைக்குமா?"

"தேடினால் நிச்சயம் கிடைக்கும்" என்பார்கள் பேச்சாளர்கள். அவர் முகம் தொங்கிவிடும். யாரும் தேடவில்லையே என்ற வருத்தமாக்கும் என்று நினைத்து, ஒருநாள் டீ குடிக்கும்போது ஆறுதல் சொன்னேன்.

"கவலைப்படாதீங்க சார், ஒருநாள் கெடைக்கும்."

"வாயக் கழுவு நைனா. ரிடையர் ஆன துட்டெல்லாம் போட்டு அங்க ஒரு மனை வாங்கிகீறேன். தோண்டும்போது எதுனா வந்துச்சுன்னா ஊடு கட்ட உடுவாங்களா?"

வீடு கட்டிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டேன். இனி கூட்டத்துக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதமும் முன்வரிசையில் இருந்தார். அன்று முதுமக்கள் தாழியைப் பற்றிய பேச்சு. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகள். கேள்வி நேரத்தில் எழுந்தார். கேள்வி மாறியிருந்தது.

"சார், தாழிய இருந்த எடத்துலயே திருப்பி மூடிட்டா, உள்ள கீறவங்களுக்கு ஒண்ணும் மனஸ்தாபம் இருக்காதே?"

முன்னோர் மீது இவ்வளவு மரியாதையா என்று பேச்சாளர் நெகிழ்ந்துபோனார். எல்லோரும் கைதட்டினார்கள். பாயசம் சாப்பிட்டவன் என்ற முறையில் நானும் தட்டினேன்.