புதுப் பஸ்டலை ஏன் முறித்தேன்

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவில் எங்கள் ஊர் முன்பள்ளியில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். எத்தனையோ தாய்மாருடன் சண்டை பிடித்துச் சமாதானமாகியிருக்கிறேன். இவளிடம் மட்டும் கோபம் ஆறவில்லை.

அவளுடைய மகளுக்கு அப்போது நாலரை வயது. வாய் ஓயாத கெட்டிக்காரி. ஆனால் நிறம் தீட்டும் பஸ்டல் குச்சியைக் கொடுத்தால் உலக்கையைப்போல ஐந்து விரலாலும் பொத்திப் பிடிக்கும். தோளிலிருந்து கையை ஆட்டி இரண்டு இழுவை இழுக்கும். பிறகு தாளைத் தள்ளிவிடும். ஜனவரியில் முதலாம் வகுப்பு. பென்சில் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்காக அங்கே ஒருவரும் காத்திருக்கமாட்டார்கள்.

நிறம் தீட்டுவது பொழுதுபோக்கு என்றுதான் ஊர் நினைக்கிறது. "பிள்ளையளைக் கலர் அடிக்க விட்டுட்டு ரீச்சர் சும்மா இருக்கிறா" என்று என் காதுபடவே சொல்வார்கள். இருக்கத்தான் செய்கிறேன். இருந்து விரல்களைப் பார்க்கிறேன். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கின்றனவா, மணிக்கட்டு மேசையில் படிகிறதா, கண் கோட்டின் பின்னால் போகிறதா, ஒரு மீன் படத்தை முடிக்கும்வரை பிள்ளை கதிரையில் இருக்கிறதா? 'அ' எழுத வேண்டிய அவ்வளவும் அந்த மீனுக்குள் இருக்கிறது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

வீட்டில் தீட்டிவரக் கொடுக்கும் படம் இந்தப் பிள்ளையிடமிருந்து மட்டும் கலியாணக் கார்டுபோல வரும். கோட்டை நூலளவும் தாண்டாத நீலம், ஓரத்தில் கடும் நீலம், நடுவில் இளநீலம். தாய் யாரை ஏமாற்றுகிறாள்? காலையில் கடற்கரைக்குப் போனால் அவளைப் பார்க்கலாம். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதே விரல்கள்தான் மகளின் கொப்பியிலும் வேலை செய்தன.

ஒருநாள் மகளிடம் புதுப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தாள். பன்னிரண்டு நிறம். பன்னிரண்டையும் எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக முறித்தேன். நீளப் பஸ்டலைப் பொத்திப் பிடிக்கலாம்; துண்டை விரல் நுனிகளால்தான் பிடிக்கமுடியும். பொத்திப் பிடிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்வேன்.

மத்தியானம் பெட்டியோடு வந்து நின்றாள். "உங்களுக்கென்ன விசரோ ரீச்சர்? ஒரு நண்டுக் கால் முறிஞ்சாலே நான் ஏச்சு வாங்கிறனான். நீங்கள் முழுப் பெட்டியையும் முறிச்சுப்போட்டு நிக்கிறியள்!"

"பிள்ளை கலர் அடிக்கிறதுக்குத்தான் முறிச்சனான். நீங்கள் அடிக்கிறதுக்கு நீளமா ஒண்டு வாங்கி வைச்சிருங்கோ."

அவள் முகம் கறுத்தது. "என்ர பிள்ளைக்கு ஏலாது. மற்றப் பிள்ளையளுக்கு முன்னால அவள் வெக்கப்படக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வீட்டில் தீட்டிய படங்களை மண்டபத்தில் தொங்கவிடுவோம். பங்குச் சுவாமியார் பரிசு கொடுப்பார். அந்த முறை, பிள்ளைகள் மண்டபத்திலேயே எல்லார் முன்னாலும் தீட்டட்டும் என்று சுவாமியாரிடம் கேட்டேன். நியாயம் வேண்டும் என்றேன். பொய். அவளை ஊருக்கு முன்னால் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

தாய்மார் சுவரோரம் இருந்தார்கள். பிள்ளைகள் நடுவில், பாயில். தாளில் ஒரு வள்ளம். மணி அடித்ததும் எல்லாரும் குனிந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் நீலத் துண்டை எடுத்துக்கொண்டு எழும்பியது, மண்டபத்தின் குறுக்கே நடந்தது, தாயின் கையில் அதை வைத்தது.

"அம்மா, அடியுங்கோ."

கலர் அடிப்பது அம்மாவின் வேலை என்றுதான் அது நினைத்திருந்தது.

மண்டபம் சிரித்தது. நான் ஆசைப்பட்ட சிரிப்பு. ஆனால் பிள்ளை சுற்றிப் பார்த்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அதற்கு விளங்கிவிட்டது. தாயின் மடியில் முகத்தைப் புதைத்தது. தாய்க்கு நான் வைத்த பொறியில் பிள்ளை விழுந்தது. என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது. அதற்காக அவளை வெறுப்பதை நிறுத்தினேன் என்றும் இல்லை.

அடுத்த கிழமை முழுவதும் பிள்ளை பஸ்டலைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டது. சனிக்கிழமை கரைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

"திங்கட்கிழமை வந்து பிள்ளைக்குப் பக்கத்தில இருங்கோ. ஒண்டும் செய்யவேண்டாம்."

அவள் வலையிலிருந்து நிமிரவில்லை. "நீங்கள் செய்த வேலைக்கு நான் வரோணுமோ?"

வந்தாள். நண்டு மணத்தோடு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தாள். மேசையில் அதே வள்ளப் படம். வெகு நேரம் கழித்துப் பிள்ளை ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டியது. அவள் கை தானாக எழும்பியது. கையை இழுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தாள். மற்றக் கையையும் அப்படியே செய்தாள்.

"அம்மாக்கு இண்டைக்குக் கை இல்லை. நீ அடி, பிள்ளை."

பிள்ளை அவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு துண்டைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்தது, தாய் நண்டைப் பிடிக்கிற அதே பிடி. வள்ளத்துக்கு வெளியே, கடலும் இல்லாத இடத்தில், ஒரு கோணல் கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

எனக்கு அவளை அப்போதும் பிடிக்கவில்லை. அவள் கண்ணீர் தாடைவரை வழிந்து சொட்டியது. கையை வெளியே எடுத்தால் பிள்ளை நிறுத்திவிடும் என்று அவள் அதைத் துடைக்கவேயில்லை.