கேஸ்கட் போட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் தொழிலில் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை கொஞ்சம்தான், வாய்க்குத்தான் ஓயாத வேலை. கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு முதல்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, எந்த பார்ட் எதற்கு என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, கூட வா' என்று சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனவர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

மெக்கானிக் வந்தாச்சு

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். காலேஜ் போகும் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். பிராசஸரில் ஆரம்பித்து மானிட்டர் வரைக்கும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவர், கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரிம்மா, மெக்கானிக் எப்ப வருவாரு? இத்தெல்லாம் நான் அவராண்ட பேசிக்கிறேன்" என்றார். இந்தக் கடையில் மெக்கானிக், முதலாளி, கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் நான் ஒருத்திதான். அதைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் குறும்பு. "சாயங்காலம் வருவாருங்க, போன் பண்ணச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் போட்டு, "மெக்கானிக் பேசறேங்க" என்று ஆரம்பித்து, காலையில் சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் மறுபடி சொன்னேன். இப்போது எல்லாவற்றுக்கும் 'ஆமாமா, கரெக்ட்டு' போட்டார். ஆர்டரும் கொடுத்தார். போனை வைப்பதற்கு முன்னால்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: "ஏன் நைனா, உன் குரலு அந்தப் பொண்ணு குரலு மாதிரியே கீதே, கூடப் பொறந்தவளா?"

தட்டிப் பார்த்த பெட்டி

ஆனால் நான் சொல்ல வந்தது யேசுபாதம் குடும்பத்தைப் பற்றி. அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஒரு சனிக்கிழமை காலையில் மனைவி ரெபேக்காவோடு கடைக்கு வந்தார். ரெபேக்கா ஒரு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவள். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையானதும், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டாள். இப்போது பழைய கம்பெனியிலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும், திங்கட்கிழமை ஆபீஸ் திறப்பதற்குள் ஒரு டிராயிங்கைப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். "இத்த உட்டா எனக்கு இனிமே யாரும் வேலை குடுக்க மாட்டாங்கக்கா" என்றாள்.

யேசுபாதம் நேராகக் கேபினட் அடுக்கியிருந்த பக்கம் போனார். ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தட்டினார், கட்டை விரலால் அழுத்தினார், தூக்கி எடை பார்த்தார். உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டி ஒன்றைப் பெருமையோடு காட்டினேன். அதன் முன்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னா மேடம், எங்க ஏரியாவுல காலையில தொடச்ச டேபுள்ல மத்தியானம் வெரலால பேரே எழ்தலாம், இத்தினி ஓட்டயோட பொட்டி விக்கிறீங்களே?"

வாய் திறந்தவள்

காற்று உள்ளே போய் வெளியே வந்தால்தான் சூடு தணியும் என்று விளக்கினேன். அரைமனதாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு பிராசஸரில் எது பெரியது, கிராபிக்ஸ் கார்டில் எது கனமானது என்று அவரே கேட்டு அவரே முடிவு செய்துகொண்டு போனார். ரெபேக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். பணம் கட்டுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார், மெஷின் முன்னால் உட்காரப் போகிறவர் சும்மா இருப்பார். பாதி வீடுகளில் இதுதான் கதை. "அண்ணே, இதுல உக்காரப் போறது யாரு?" என்று கேட்டேன். "அவதான்" என்றார். "அப்ப அவங்க சொல்லட்டும்" என்றேன்.

அவ்வளவுதான், ரெபேக்கா எழுந்து வந்தாள். விளக்கெல்லாம் வேண்டாம், அதே மாதிரி ஓட்டை வைத்த சாதாப் பெட்டி போதும், மிச்சக் காசுக்கு ராம் மெமரி கூடப் போடுங்கள் என்றாள். மானிட்டர் பெரிதாக இல்லாவிட்டால் பொடிக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கண் போய்விடும் என்றாள். மவுஸ் ஒவ்வொன்றாக எடுத்து நடுச் சக்கரத்தை மட்டும் அழுத்திப் பார்த்தாள். டிராயிங் போடுகிறவர்கள் நாள் முழுக்க அதைத்தான் அழுத்துவார்களாம். கிராபிக்ஸ் கார்டில் நான் சொன்னதற்கு ஒரு படி கீழே எடுத்து, "அது கேம் ஆடறவங்களுக்குக்கா, எனக்கு இது தாராளம்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யேசுபாதம் அவளையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஊட்ல உப்பு கீதான்னு கேட்டாகூட தலயத்தான் ஆட்டுவா மேடம், இவ்ளோ பேச்ச எங்க வெச்சினிருந்தா?"

சண்டை இல்லாத இடம்

இந்தத் தொழிலில் பெரிய பேஜார் பவர் சப்ளைதான். கரண்ட்டை வாங்கி எல்லா பார்ட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டப்பா அது. உள்ளே மறைந்திருப்பதால் எல்லோரும் அதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். வழக்கம்போல மல்லுக்கட்டத் தயாராக மூச்சை இழுத்தேன். யேசுபாதம் நான் காட்டியதைக் கையில் வாங்கிப் பார்த்து, இதைவிட நல்லதாக இருக்கிறதா என்று கேட்டார். கரண்ட் போனால் தாங்குவதற்கு யு.பி.எஸ்.ஸும் அவரே கேட்டு வாங்கினார். இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடாத ஒரே மனிதர் அவர்தான். காரணத்தையும் அவரே சொன்னார்: "சின்ன மோட்டாரா போட்டுட்டு கன்வேயர் இழுக்கலன்னு அழுவுறவன தெனம் பாத்துக்கினுகீறேன் மேடம்."

கேஸ்கட்

சாயங்காலத்துக்குள் எல்லாம் பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார்கள். மறுநாள் மத்தியானம் ரெபேக்காவிடமிருந்து போன். "அக்கா, தானா ஆஃப் ஆயிக்கினே கீதுக்கா. போட்ட டிராயிங்கு பாதி போயிட்ச்சி." குரலில் அழுகை. உடனே கிளம்பினேன். ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம், எந்த பார்ட்டில் கோட்டை விட்டேன் என்று மனத்துக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டு போனேன்.

சிப்காட் பின்னால் லைன் வீடு. முன்னறையில் மாமியாரின் கட்டில், அதை ஒட்டி மேஜை. மேஜைமேல் இருந்தது நான் கொடுத்த பெட்டிதான் என்று சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத்து ஓட்டை ஒவ்வொன்றிலும் சிலிக்கான் பசை. மூடி சேரும் இடமெல்லாம் ரப்பர் பட்டை. பின்பக்கத்து ஃபேனுக்கு மேல் குக்கருக்குப் போடுவதைப்போல ஒரு கேஸ்கட், அதன்மேல் தகடு, நாலு மூலையிலும் போல்ட். மில்லில் தூசு போகாமல் சில பெட்டிகளை இப்படித்தான் அடைப்பார்களாம். வேலை அவ்வளவு சுத்தம், ஒரு பிசிறு கிடையாது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பெட்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே ஒரு துளி தூசு உள்ள போவட்டும் மேடம், நான் என் பேர மாத்திக்கிறேன்!"

விசிறி

"தூசு போவாது அண்ணே, காத்தும் போவாது. உள்ள அது வெந்து சாவுது" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. ரெபேக்கா நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். அவரே கத்தியை எடுத்து வந்து, ராத்திரி ஆசை ஆசையாகப் பூசியதையெல்லாம் சுரண்டிப் போட்டார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை நேராக அதன்மேல் திருப்பினோம். மெஷின் அணையாமல் ஓடியது. ரெபேக்கா போனதையெல்லாம் மறுபடி போட ஆரம்பித்தாள். ஏதோ ஷெட்டுக்கு இரும்புப் படிக்கட்டு. படி படியாக அது திரையில் ஏறுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிகிற சமயத்தில் மழை பிடித்தது. டிரான்ஸ்பார்மர் பக்கம் டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் விடிந்தாலும் கரண்ட் வராது என்று அந்த வரிசை முழுக்கத் தெரியும். டேபிள் ஃபேன் நின்றது, யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. "அளவு மட்டும் போட்டுட்டா முடிஞ்சிடும்க்கா" என்று ரெபேக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். யேசுபாதம் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மெஷின் முன்னால் மண்டிபோட்டு இரண்டு கையாலும் விசிறினார். முதுகெல்லாம் வேர்வை. யு.பி.எஸ். கத்துவது வேகமானது, அவர் விசிறுவதும் வேகமானது. ரெபேக்கா தன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து டிராயிங்கை அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகுதான் நான் மூச்சே விட்டேன். இவர் மட்டும் நிறுத்தாமல் விசிறிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து அவர் அம்மாவின் குரல் வந்தது: "பெத்தவ இங்க வெந்துக்கினு கெடக்கறேன், எனக்கு ஒரு நாளு இப்டி விசிறிகீறியாடா நீ?"

டூட்டி

வேலை கிடைத்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ரெபேக்கா இனிப்போடு கடைக்கு வந்தாள். முகமே மாறியிருந்தது. பெட்டியின் முன்பக்கத்துக்குக் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு வலையை யேசுபாதம் தைத்துப் போட்டிருக்கிறாராம், வாரா வாரம் அவரே கழுவி மாட்டுகிறாராம். நான் கேட்க நினைத்தது வேறு. மாமியாரைப் பார்த்துக்கொள்ளத்தானே முதல் தடவை வேலையை விட்டாள். இப்போது எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, முந்தின நாள் தலைவலி என்று படுத்தபடியே மனைவியைக் கூப்பிட்ட மகனிடம் மாமியார் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள்: "அவள இன்னாத்துக்குடா கூப்புடற, அவ டூட்டில கீறா, எய்ந்து வந்து எனக்குத் தண்ணி குடு."

இத்தனை வருடத் தொழிலில் நான் தேறியது இவ்வளவுதான்: எந்த பார்ட் போடலாம் என்று பேசுவதற்கு முன்னால், வீட்டில் ஃபிட்டர் யாராவது உண்டா என்று இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.