நகப்பூச்சு வைத்த திருகுகள்

இந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு புள்ளி இருக்கிறது. கடலுக்கடியில் படம் எடுக்கும்போது கேமராவை உள்ளே வைத்து மூடும் அலுமினியப் பெட்டி இது. அந்தமானில் எங்கள் ஹேவ்லாக் தீவில் ஹவுசிங் என்போம். பார்க்கிற சுற்றுலாக்காரர்கள் ஏதோ கம்பெனி அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்பெனியும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அத்தனையும் என் மைனியின் சந்தேகம்.

மைனி என் அண்ணனின் மனைவி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடையில் நிறுத்து வாங்கிய காய்கறியை வீட்டில் மறுபடி நிறுப்பார். கப்பல் நேரத்துக்கு வரும் என்று அறிவித்தால், அப்படியானால் வராது என்பார். ஆனால் கேமரா விஷயத்தில் அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் படம் எடுத்துக் கொடுக்கும் எங்கள் கடைக்கு, அவர் வளையல்களை விற்று வாங்கிய முதல் கேமரா கடலிலேயே செத்துப்போனது. பெட்டியை மூடித் தரச் சொல்லி ஒருவரை நம்பிக் கொடுத்தோம். பக்கா என்று சொல்லித் தந்தார். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்ததை அவர் பார்க்கவில்லை. மைனி முங்கிவிட்டு மேலே வந்தபோது பெட்டிக்குள் பாதி தண்ணீர். கப்பல் வேலையில் இருந்த அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொன்று வாங்கித் தருகிறேன், அதுவும் போனால் கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் மெயின்லேண்டுக்குக் கிளம்புங்கள். அங்கே மைனிக்கு எங்கள் அம்மாவின் அடுப்படி காத்திருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம் காத்திருந்தது. இருவருக்குமே போக இஷ்டமில்லை.

புதுக் கேமரா வந்தது, பழைய பெட்டிக்குள் உட்காரவில்லை. அமுக்கி உட்கார வைத்தாலும் பெட்டியின் பொத்தான் ஓர் இடத்தில், கேமராவின் பொத்தான் ஒரு விரல் தள்ளி. அழுத்தினால் வெறும் காற்றைத்தான் அழுத்தியது. இந்தக் கேமராவுக்கென்றே செய்த பெட்டி கேமராவைவிட விலை அதிகம். ஆகவே படகு எஞ்சின் பழுது பார்க்கும் வங்காளி மிஸ்திரியிடம் போனோம். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள் தட்டை அரம் வைத்து ராவிவிடலாம், பொத்தானுக்கு வளைந்த எஃகுத் துண்டு வைக்கலாம், ஆனால் பக்கவாட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்றார். மைனி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"தண்ணி போவாத பெட்டில ஓட்ட போடுதேங்கான். இவன நம்பச் சொல்லுதியா?"

"படகுல எஞ்சின் தண்டு போறதும் ஓட்டைதான மைனி."

"அந்தப் படகுல ஒருத்தன் உக்காந்து தண்ணி எறைச்சிக்கிட்டே இருக்கான், பாக்கலையா நீ?"

எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. அந்த மிஸ்திரி எங்கள் போட்டிக் கடைக்கும் வேலை செய்பவர். எங்கள் கேமரா முங்கினால் லாபம் யாருக்கு? வேறு ஆள் இல்லாததால் அவரிடமே கொடுப்பதென்று முடிவானது. மைனி அன்றே நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு திருகிலும் புள்ளி வைத்தார், எதையாவது மாற்றினால் தெரிந்துவிடும் என்று. மிஸ்திரி வேலை செய்த நாளில் நாங்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவருடைய பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். போட்டிக் கடைக்காரர் உள்ளே போனார். சிரிப்புச் சத்தம் கேட்டது. "நம்மளப் பத்திதான்" என்றார் மைனி. அந்த மனிதர், பழுது பார்க்கக் கொடுத்திருந்த தன் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மைனி அந்த மோட்டாரையும் நம்பவில்லை.

பெட்டி கைக்கு வந்தபோது புள்ளிகள் எல்லாம் அப்படியே இருந்தன. காலிப் பெட்டிக்குள் காகிதம் வைத்துக் கடலில் இறக்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். காகிதம் நனையவில்லை என்றால் சரி. மைனிக்குக் காகிதம் போதவில்லை. சொட்டு விழுந்தால்தான் காகிதம் சொல்லும், லேசான ஈரத்தையும் காட்டிக்கொடுப்பது அப்பளம்தான் என்று, சுட்ட அப்பளம் ஒன்றைக் காகிதத்தின் மேல் வைத்து மூடினார். ஈயக் கட்டி கட்டி, படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து இறக்கினோம். எடுத்துத் திறந்தபோது அப்பளம் நமுத்துத் தொங்கியது.

அதை அப்படியே மிஸ்திரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார் மைனி. மிஸ்திரி காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. "தீதி, பரோசா நஹி?" என்றார், அக்கா, என்மேல் நம்பிக்கை இல்லையா என்று. பிறகு தன் போனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஜெட்டிக்கு வந்து தானே இறக்கினார். வெகுநேரம் கழித்து மேலே இழுத்தபோது போன் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி கூப்பிட்டிருக்கிறார். ஜெட்டியே சிரித்தது. மைனி என் காதோரம் குனிந்தார். "அவன் போனே தண்ணி போவாத போனா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. "ஊருக்குப் போவ முடியாதுட்டி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பிட உட்கார்ந்து, காலையில் சுட்டு மிஞ்சிய அப்பளத்தை எடுத்தேன். அதுவும் நமுத்திருந்தது. மழைக்காலம். பெட்டிக்குள் போனது கடல் இல்லை, எங்கள் வீட்டு ஈரக்காற்று. மறுநாள் எங்களுக்குத் தெரிந்த ஒரு ரிசார்ட்டின் ஏசி அறையில், ஈரமில்லாத காற்றில் வைத்து, சுடச்சுட அப்பளம் போட்டு மூடினோம். கடலில் கிடந்து வந்த அப்பளத்தை மைனி காதருகே வைத்து உடைத்தார். நொறுங்கியது. அன்று மாலையே கேமராவை உள்ளே வைத்துக் கடலில் குதித்தார். கடை மூடவில்லை.

பல வருடம் உழைத்து, போன மாதம் அந்தக் கேமராவுக்கும் ஆயுள் முடிந்தது. இன்னொரு புதியது வந்திருக்கிறது. பெட்டி மட்டும் அதேதான், இப்போது இரண்டாவது ஓட்டையோடு. மைனிக்குக் காது கெட்டுவிட்டது. முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முங்குகிறேன், அவர் ஜெட்டியில் நிற்கிறார். இன்று காலை நகப்பூச்சோடும், ஏசி அறையில் அப்பளம் வைத்து மூடிய பெட்டியோடும் வந்து நின்றார். நரைத்துப்போன மிஸ்திரியும் வந்திருந்தார். நான் பெட்டியோடு முங்கி, மேலே வந்து திறந்தேன். அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது. மைனி அதை மூன்றாக உடைத்து முதல் துண்டை மிஸ்திரிக்குக் கொடுத்தார்.

"தீதி, இப்பவாவது பரோசா வந்துச்சா?"

"மொதல்ல தின்னுங்க, தாதா" என்றார் மைனி, அவர் மொழியிலேயே அண்ணன் என்று அழைத்து.

மிஸ்திரி வேண்டுமென்றே மெல்ல மெல்ல மென்றார். அவர் விழுங்கிய பிறகுதான் மைனி தன் துண்டை வாயில் வைத்தார்.