சீரில் வைத்த வண்டி

ஒரு பொருளை ஒருவருக்கு அன்போடு கொடுக்கிறோம். கொடுத்த கணத்திலேயே அது வேறொருவருடையதாகிவிடுகிறது. நடுவில் யாரும் பிடுங்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்த இழப்புக்கு யாரைப் பொறுப்பாக்குவது? என் அக்காவின் திருமணத்தன்று இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அப்போது நான் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். வரதட்சணை கேட்பவர்களைப் பற்றிக் கல்லூரி மேடையில் பேசிப் பரிசும் வாங்கியிருந்தேன். யாருமே கேட்காத இடத்தில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆரணிப் பேருந்து நிலையத்துக்கு அருகே அப்பா மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருந்தார். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். எங்கள் தெருவில் பெரும்பாலும் தறி வீடுகள். எங்களுக்குத் தறியும் இல்லை, நிலமும் இல்லை. காஞ்சிபுரத்துக்குச் சேலைக்கட்டு ஏற்றிப் போகும் வியாபாரிகளின் வண்டிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அக்கா பத்தாவதோடு நின்று ஷெட்டுக்கு வந்துவிட்டாள். சரிசெய்த வண்டியைச் செய்யாறு சாலையில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. யாரோ கழித்துப்போட்ட ஓர் இரட்டைச் சைலன்சர் வண்டியை அவளும் அப்பாவும் உயிர்ப்பித்தார்கள். ஊர் முழுக்க அதற்கு ஒரே பெயர்: "அந்தப் பொண்ணு வண்டி."

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் அக்காலத்தில் ஆண்டுதோறும் மோட்டார் பந்தயம் நடக்கும். அதில் நேர்கோட்டுப் பந்தயமும் உண்டு. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். கொடி இறங்கியதும் கால் மைல் தூரம் பாயவேண்டும். வளைவே கிடையாது. கிளம்பும் நொடியில் பிந்தியவர் பிந்தியவர்தான். அதற்காகவே அக்காவும் அப்பாவும் லேத்தில் நின்று, பின்சக்கரத்துக்கு வழக்கத்தைவிடப் பெரிய பல்சக்கரம் ஒன்றைக் கடைந்து மாட்டியிருந்தார்கள். அதனால் வண்டி நின்ற இடத்திலிருந்து எகிறும். பெட்ரோலையும் அதே வேகத்தில் குடிக்கும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் முதல் முறை போனபோது நானும் உடன் போனேன். வாசலில் நின்றவர், "பாப்பா, டிக்கெட்டு அந்தப் பக்கம்" என்றார். "பாக்க வரலீங்க, ஓட்ட வந்துகிறேன்" என்றாள் அக்கா. பக்கத்து வண்டிக்காரன் சும்மா இருப்பானா?

"இன்னாம்மே, கொழம்பு வெச்சிட்டு வந்தியா?"

"வெச்சிட்டுத்தான் வந்தேன். நீ ஜல்தியா வந்து சேரு, ஆறிடப் போவுது."

கொடி இறங்கியது. அப்பாவின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பெட்ரோல் டாங்கின் மேல் மார்பு படக் குனிந்திருந்த என் அக்கா எனக்கு அந்நியமாகத் தெரிந்தாள். அவன் எல்லைக்கு வந்தபோது அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பின்வந்த ஆண்டுகளில் தோற்றதும் உண்டு. ஆனாலும் கோப்பைகள் சேர்ந்தன. அப்பா அவற்றை ஷெட்டுப் பலகையில் வரிசையாக வைத்து, ஒன்றில் நட்டும் இன்னொன்றில் வாஷருமாகப் போட்டு வைத்திருந்தார். "சும்மா நிக்கிற பாத்திரம் எதுக்கு?" என்பார். அவருடைய பெருமை அப்படிப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பட்டு முதலாளியிடம் வேலை செய்தார். தேவிகாபுரம் பக்கத்துக் கிராமத் தறிகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவார். பயணமெல்லாம் பஸ்ஸிலும் சைக்கிளிலும்தான். அப்பா எதையும் மறைக்கவில்லை.

"பொண்ணு ரேஸ் ஓட்டுங்க. வருஷம் ஒருவாட்டி சோழவரம் போவும். கல்யாணத்துக்கு அப்புறமும் போவும். இது ஒத்து வந்தா மேல பேசலாம்."

மாப்பிள்ளை தன் அம்மாவை ஒருமுறை பார்த்தார். "வருஷத்துல ஒரு நாள்தானேங்க, போவட்டும்" என்றார். உள்ளே அக்கா மகிழ்ச்சியில் என் கையைக் கிள்ளிய இடம் சிவந்துவிட்டது.

போகவேண்டுமென்றால் வண்டி வேண்டும். ஆகவே வண்டியும் அவளோடு போகட்டும் என்று அப்பா முடிவு செய்தார். திருமணத்தன்று தானே அதைக் கழுவித் துடைத்து, ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம் சுற்றினார். பழத்தட்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கட்டில், பீரோ. அவற்றுக்கெல்லாம் முன்னால் வண்டி. சீர்வரிசையில் வரும் வண்டி யாருக்கு என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கம் இந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அது மகளின் வண்டி. மகள் போகும் இடத்துக்கு அதுவும் போகிறது, அவ்வளவுதான்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். "இன்னா சம்பந்தி! நாங்க வாயத் தொறந்து ஒண்ணுமே கேக்கல. நீங்களா மாப்பிள்ளைக்கு வண்டி வெச்சிட்டீங்களே! பெரிய மனசுங்க உங்களுக்கு!"

கூட்டம் கைதட்டியது. அப்பா, "இல்லீங்க, அது வந்து..." என்று தொடங்கினார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சபை நடுவே புகழ்ந்தவரை மறுத்தால் மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு. அதைச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் வாழப்போகிறவள் அக்கா. அப்பா அதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்கள். மணவறையில் தலைகுனிந்திருந்த அக்கா அப்போது மட்டும் நிமிர்ந்தாள்.

மாலையில் புதுமணத் தம்பதி அந்த வண்டியிலேயே கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்தார்கள். பட்டுச்சேலையில் அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி உதைத்தார்; மறுபடியும் அணைந்தது.

"மாப்ளே, வண்டி உன்னவிட உஷாரா கீதுடா!"

சிரிப்புக்கு நடுவே அக்கா அவர் காதருகே குனிந்து, "முழுசா விடாதீங்க, கடைசியிலதான் பிடிக்கும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வண்டி கிளம்பியது.

அவர் கெட்டவர் அல்லர். கல்யாணம் முடிந்த சில வாரங்களில், வண்டியின் இடப்பக்கத்தில் சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்கக் கம்பித் தடுப்பும், கால் வைக்கப் பலகையும் பொருத்திக்கொண்டு வந்தார். "உனக்குத்தான் போட்டேன்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். பந்தயக் காலம் நெருங்கியபோது, சோழவரம் போகலாமா என்று அக்கா அவரிடம் கேட்டாள். "வண்டி இப்போ வேலைக்கு ஓடிகினு கீது. ரேஸ்ல இஞ்சின் போயிட்டா பேஜாரு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அதுவும் பொய்யல்ல, அந்த வண்டி வந்தபிறகுதான் முதலாளி அவருக்கு அதிகமான கிராமங்களைக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு அக்கா கர்ப்பமாக இருந்தாள்.

"நைனா, வண்டிய திருப்பிக் கேளுங்களேன்" என்று நான் சண்டையிட்டேன்.

"சீர்ல வெச்சதக் கேட்டா பொண்ணையும் சேத்து அனுப்பிடுவாங்கம்மா."

குழந்தைக்கு ஒரு வயதிருக்கும். அக்காவை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஷெட்டுக்கு வந்தார். "பெட்ரோலு ரொம்ப குடிக்குது மாமா. கொஞ்சம் பாருங்க."

எதனால் என்று அப்பாவுக்குப் பார்க்காமலே தெரியும். சங்கிலியைக் கழற்றி, தாமும் மகளும் சேர்ந்து கடைந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, சாதாரணமான ஒன்றை மாட்டினார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். போல்ட்டை முறுக்கும்போது ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் அப்பா அந்தப் பழைய பல்சக்கரத்தைத் துணியால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"இத நீ வெச்சிக்கோ."

"எனக்கு எதுக்கு நைனா? பழைய இரும்புல போடு."

மாப்பிள்ளை ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். இப்போது அது துள்ளவில்லை. அக்கா பலகையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்து, குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர்கள் போனபிறகும் அப்பா சக்கரத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பழைய இரும்பில் அவர் அதைப் போடவில்லை. என்ன செய்தார் என்று நாங்களும் கேட்கவில்லை.

அக்கா அதன்பின் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. பந்தயத்துக்காக வண்டியைத் திருத்தித் தரும் வேலையை அப்பா எடுப்பதை நிறுத்திவிட்டார். சில ஆண்டுகள் கழித்து நடந்த என் திருமணத்தில் சீர்வரிசை வைக்கவில்லை.