முளை விட்ட பூஞ்சை

கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் நடந்து பத்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் ஏதோ பூஞ்சை வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். என்ன பூஞ்சை என்று கேட்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கில் கண்ணாடித் தழும்பு, தலையில் கனகாம்பரம். கிருமியைக்கூட 'இவிய' என்று மரியாதையாகத்தான் சொல்வார். நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர் திடீரென்று கைதட்டிச் சிரித்தார்.

"முளை விட்டுட்டாவ!"

எனக்குக் கோபம் வந்தது. "எங்கம்மா அங்கன காய்ச்சல்ல கெடக்காவ. நீங்க சிரிக்கீங்களே?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி, இங்கன பாருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். உருண்டைகளிலிருந்து சின்ன வால்கள் நீண்டிருந்தன.

"இவிய நம்ம வயித்துல சும்மா இருக்கவியதான். ஆள் தளந்தா இப்படி முளை விட்டுச் சதைக்குள்ள நுழைவாவ. மருந்து ஏத்துத டியூப்புல பசை மாதிரி ஒட்டிக்கிடுவாவ. ஆனா முளை விட்டதால ஆளு இன்னாருன்னு தெரிஞ்சுபோச்சு. இவியளுக்குப் பெரும்பாலும் மருந்து கேக்கும். முளைக்காம இருந்திருந்தாத்தான் எனக்குப் பயம், முளைக்காதவியள்ல சில பேருக்கு மருந்தே கேக்காது."

உடனே டாக்டருக்குப் போன் செய்தார். அன்றே பழைய டியூப்பை எடுத்துவிட்டு மருந்தையும் மாற்றினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா ரசஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டு, உப்பில்லை என்று என்னைத் திட்டினார்.

அதைச் சொல்லப் போனேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "திட்டுதாவளா? அப்ப சரியாப்போச்சு" என்று சிரித்தார்.

அம்மாவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன்.