எடுத்துக் கொடுக்காத வரி

நானூற்றுப் பன்னிரண்டு. அந்த நாடகத்தில் தளபதி பேசுகிற வரிகள் அத்தனை. காஜா மெஷினில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் துளை போடும் அந்த அம்மாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டும் தலைகீழ்ப் பாடம். பதினோரு வருடங்களில் அவற்றில் ஒன்றைக்கூட அவர் மேடையில் பேசியதில்லை. மேடையோரம் ஹேங்கர் ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அவர் கொடுக்கும் சொல் முதல் வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது. பேச வேண்டியவர் காதில் மட்டும் போய் விழும். அதனால் ஃபாக்டரியில் அவர் பெயர் ‘காத்து’. சம்பளச் சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பக்கத்து மெஷின்காரிக்கே சந்தேகம்.

ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஃபாக்டரி அது. வேலை செய்பவர்களில் ஆண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே நாடகத்தில் ராஜா, மந்திரி, எதிரிப்படை எல்லாமே பெண்கள்தான். மீசை மட்டும் வாடகைக்கு வரும். இயக்குவது கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டுவதுபோலவே வசனத்தையும் வெட்டுவார் என்று நடிகைகளுக்குள் ஒரு புலம்பல் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டால் மேடை. ஷிஃப்ட் முடிந்ததும் ஒத்திகை.

வருடா வருடம் ஒரே நாடகம், பழைய சோக நாடகம். ராஜா சாகக் கிடக்கிறார். இளவரசன் தூர தேசத்திலிருந்து வந்து சேரும்வரை வைத்திருக்கச் சொல்லி, முத்திரை மோதிரத்தைத் தளபதியிடம் கொடுக்கிறார். தளபதி உத்தமன். ஆனால் தனியாக இருக்கும்போது, “போட்டுப் பார்ப்பதில் என்ன குற்றம்? அளவு தெரிந்தால் போதும்” என்று விரலில் மாட்டுகிறான். மோதிரம் கழற்ற வரவில்லை. இளவரசன் வந்து நிற்கும்போது கோட்டைக் கதவைத் திறக்காமல் விடுகிறான். இளவரசன் வெளியே குளிரில் விறைத்துச் சாகிறான். கடைசிக் காட்சியில் மோதிரம் தானாகவே கழன்று விழுகிறது. தளபதி அந்த அளவுக்கு மெலிந்துபோயிருக்கிறான்.

தளபதியாக நடிப்பவர் காத்துவின் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. ஒரே வீட்டில் அவர்கள் மாடி, இவர்கள் கீழே. நாத்தனார் காலர் தைப்பவர். ஆள் உயரம், கணீர்க் குரல், மேடையில் நடந்தால் மேஜைகள் அதிரும். ஒரே குறை, வசனம் மனதில் நிற்காது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது.

“எங்க அண்ணி இருக்கும்போது நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? அவங்க மூளை, என் வாய். நல்ல கூட்டணி.”

எடுத்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடிப்பவர் பேசாமல் நிற்பது நடிப்பா, மறதியா என்று தெரிய வேண்டும். நடிப்புக்காக நிற்கும்போது சொல்லைக் கொடுத்தால் காட்சி கெடும். மறந்து நிற்கும்போது கொடுக்காவிட்டால் மானம் போகும். இதற்காக இருவரும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். வரி மறந்தால் நாத்தனாரின் இடது கை இடுப்பு வாருக்குப் போகும். பார்ப்பவர்களுக்குத் தளபதி கம்பீரமாக நிற்பதாகத் தோன்றும். கை வாரைத் தொட்ட மறுகணம் காத்து முதல் இரண்டு சொற்களைக் கொடுத்துவிடுவார். இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த வருடம் ஃபாக்டரிகளுக்கு இடையே நாடகப் போட்டி அறிவித்தார்கள். இறுதிச் சுற்று, நிஜமான நாடக அரங்கில். சிவப்புத் திரை, விளக்கு வரிசை, எண்ணூறு நாற்காலி. செய்தி வந்த வாரம் நாத்தனாருக்குக் காய்ச்சல். ஒத்திகையை நிறுத்த வேண்டாமே என்று மாஸ்டர் காத்துவை மேடையில் ஏற்றினார்.

“சும்மா வரியைச் சொல்லிட்டு நில்லுங்க. நடிக்க வேணாம்.”

காத்து நடித்தார். உரக்கப் பேசவில்லை, வழக்கமான காற்றுக் குரலிலேயே பேசினார். மோதிரக் காட்சி வந்தபோது, கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். வாடகை மீசையோடு ராஜாவாகப் படுத்திருந்த பேக்கிங் செக்‌ஷன்காரி, செத்துப்போனதை மறந்து எழுந்து கைதட்டினாள்.

மேஜைகளைத் திரும்ப இழுத்துப் போடும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்தார். “இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நான் ஒண்ணும் சொல்லலை. உங்க நாத்தனார் பாவம், நல்லாத்தான் பண்றா. ஆனா ஒருவேளை அவளால முடியாமப் போச்சுன்னா... நீங்க தயாரா இருங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ‘ஒருவேளை’ காத்துவோடு பஸ் ஏறி வீடு வந்தது.

வீட்டில் கணவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவர் ஃபாக்டரியின் டெலிவரி வேன் ஓட்டுபவர். வதந்தியும் அவர் வண்டியில்தான் ஏறும்.

“என்னா தளபதி, இன்னைக்குக் கோட்டையைப் பிடிச்சிட்டியாமே?”

“சும்மா இருங்க. மேல கேட்கப்போகுது.”

“கேட்டா என்ன? அவ சந்தோஷம்தான் படுவா.”

அது உண்மை. காய்ச்சலோடு படியிறங்கி வந்த நாத்தனார், “அண்ணி, பிச்சு உதறிட்டீங்களாமே! எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் இந்த மீசை அரிப்புலேருந்து தப்பிச்சிருப்பேன்” என்று சிரித்தார். சிரித்த முகத்தைப் பார்த்து, கேட்டுவிடலாமா என்று காத்து நினைத்தார். இந்த ஒரு வருடம் எனக்குக் கொடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கத்தான் நா எழவில்லை. கேட்டு வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சல் இருப்பதாகப் பட்டது. தானாக வரட்டும் என்று விட்டார்.

தானாக வருவதற்குக் கொஞ்சம் உதவியும் செய்தார். முதலில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாத்தனாரின் கை வாருக்குப் போனதும் உடனே கொடுக்காமல் ஒரு மூச்சு விட்டுக் கொடுத்தார். ஒரு மூச்சில் என்ன ஆகிவிடப்போகிறது? நாத்தனார் தடுமாறினார். அடுத்த ஒத்திகையில் இரண்டு மூச்சு. மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். காலர் செக்‌ஷனில் பேச்சு கிளம்பியது: “தளபதிக்கு என்னாச்சு? ராத்திரி தூங்கறதில்லையா?”

தகுதிச் சுற்று வேறொரு ஃபாக்டரியின் கூடத்தில் நடந்தது. மூன்று நடுவர்கள். மோதிரக் காட்சி. நாத்தனார் மேடையில் தனியாக, உள்ளங்கையில் மோதிரம். பேச வேண்டிய வரி வரவில்லை. இடது கை வாரைத் தொட்டது.

ரேக்குக்குப் பின்னால் காத்து வாயைத் திறக்கவில்லை.

கை வாரை விட்டு, மறுபடி தொட்டது. நாத்தனாரின் கண் ரேக் பக்கம் திரும்பியது. காத்து பார்வையை மடிக்குத் தாழ்த்தினார். கூடத்தில் யாரோ இருமினார்கள். கடைசியில் நாத்தனார் எங்கோ இருந்த ஒரு வரியைப் பிடித்துப் பேச, மந்திரி வேடக்காரி சமயோசிதமாக உள்ளே வந்து காட்சியை முடித்துவைத்தாள். குழு தட்டுத் தடுமாறித் தேறியது. “முக்கிய வேடத்தைக் கவனியுங்கள்” என்று நடுவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது.

வேனில் திரும்பி வரும்போது நாத்தனாரே பேசினார். “அண்ணி, ஃபைனல்ல நீங்களே பண்ணிடுங்க. நான் பின்னாடி உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறேன். பேப்பரைப் பார்த்துப் படிக்கத் தெரியும், அதுவாவது மறக்காது.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். வேனில் யாரும் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தீர்களா என்று அவர் அண்ணியைக் கேட்கவே இல்லை. கொடுத்திருப்பார், தன் காதில்தான் விழவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

காத்து வாரைக் கட்டி, மீசையை ஒட்டிக்கொண்டார். அடுத்த ஒத்திகையில் எல்லாம் நன்றாகவே போனது, மோதிரக் காட்சிவரை. உள்ளங்கையில் பித்தளை மோதிரம். ‘போட்டுப் பார்ப்பதில்’ என்று தொடங்க வேண்டும். தலைகீழ்ப் பாடம். ஒரு சொல்லும் வரவில்லை. தனக்குத் தெரியாமலே அவர் இடது கை வாரைத் தொட்டது. தொட்ட கணமே ரேக்குக்குப் பின்னாலிருந்து வந்தது: “போட்டுப் பார்ப்பதில்...” ஒரு மூச்சுகூடத் தாமதமில்லை.

காட்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். டீ வந்தது. நாத்தனார் கோப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணி, அண்ணன்கிட்ட இப்போ சொல்லாதீங்க. புது லைனுக்கு என்னை சூப்பர்வைசரா போடறேன்னு சொன்னாங்கல்ல, வேணாம்னு எழுதிக் கொடுக்கப்போறேன். ஷிஃப்ட் ஆபீசர் போறதுக்குள்ள கொடுக்கணும்.”

“ஏன்? ரெண்டு வருஷமா அதுக்குத்தானே காத்திருந்தே?”

“முப்பது பேரோட வேலையை ஞாபகம் வெச்சுக்கணும், அண்ணி. எனக்குக் கொடுத்த வரியே காதுல விழ மாட்டேங்குது. அம்மாவுக்கும் இந்த வயசுலதானே ஆரம்பிச்சது? டாக்டர்கிட்ட போனேன். டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காரு.”

அம்மா என்றால் காத்துவின் மாமியார். நாற்பத்தெட்டு வயதில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு மகளின் பெயரை மறந்தார். கடைசியில் விழுங்க மறந்தார். கடைசிவரை ஊட்டிவிட்டவர் காத்து. அந்த வீட்டில் மறதி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட யாருக்கும் தெரியாது.

காத்து டீயைக் கீழே வைத்தார். நேரே மாஸ்டரிடம் போனார்.

“தகுதிச் சுற்றுல அவ மறக்கலை மாஸ்டர். வரி போச்சுதான், ஆனா எப்பவும்போலத்தான். நான்தான் எடுத்துக் கொடுக்கலை. வேணும்னே.”

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெல்லப் பேசுங்க. சரி, நடந்தது நடந்துபோச்சு. ஃபைனல் முடியட்டும், அப்புறம் வீட்டுல நீங்களே பேசிக்குங்க. அரங்கம், லைட்டு, எல்லாம் உங்களுக்காகத்தானே?”

“அவ மானம் எல்லார் முன்னாடியும்தானே போச்சு. வீட்டுல பேசித் திரும்பி வருமா?”

மீசையைப் பிய்த்து மேஜையில் வைத்தார். மேடை மேல் ஏறினார். எண்பது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றுக் குரல் கடைசி மேஜைவரை போகாது; ஆகவே கத்தினார். பதினோரு வருடத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. சுற்றி வளைக்கவில்லை. யார், என்ன, எப்போது, ஏன். “எனக்கு அந்த வேஷம் வேணும்னு இருந்தது. அதனால வாயை மூடிக்கிட்டேன்.”

நாத்தனார் எழுந்து மேடையருகே வந்தார். “நான் கை வெச்சதைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“ரெண்டாவது தடவை?”

“அதையும் பார்த்தேன்.”

“என் மூளையைச் சந்தேகப்பட்டேன், அண்ணி. உங்களைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்ல.” குரல் கணீரென்று இல்லை. “அம்மாவைப் பார்த்துக்கிட்டவங்க நீங்க. உங்களுக்கு இது எப்படி வந்துச்சு?”

காத்து மேடையிலிருந்து இறங்கி வந்தார். ‘மன்னிச்சிடு’ என்றார். நாத்தனார் அதை வாங்கிக்கொள்ளாமல், கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ‘வேணாம்’ கடிதத்தை எடுத்துக் கிழித்தார். கிழித்த துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஷிஃப்ட் ஆபீசர் அறைப் பக்கம் நடந்தார். மேஜைகள் அதிர்ந்தன.

டெஸ்டை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. வீட்டில் கணவர் தளபதி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். மாடியிலிருந்து “அண்ணி” என்ற குரல் இப்போதும் வருகிறது, தேவைக்கு மட்டும். காத்து ஒத்திகைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. ஒளிந்துகொண்டால் பேச்சு நாத்தனார் தலையில்தான் விழும் என்று, மறுநாளே போய் நின்று, திரை இழுக்கும் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த முறை கேட்டு வாங்கினார்.

இறுதிச் சுற்று வரும் சனிக்கிழமை. தளபதியாக நாத்தனார் நடிக்கிறார். வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். ரேக்குக்குப் பின்னால் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை, நாத்தனார் சூப்பர்வைசராக, புது லைன் தொடங்குகிறது. காத்துவின் காஜா மெஷினை அந்த லைனில்தான் போட்டிருக்கிறார்கள்.